திருத்தணி வெயிலும் ஒரு பம்பு செட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். ஸ்கூல் லீவு விட்டாச்சு. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கறவங்க முழுசா படிச்சிடுங்க. நேரமில்லைன்னா நடுவுல வர்ற தொட்டி விஷயத்தையாவது படிங்க.

என் கூட எம்பிபிஎஸ் படிச்ச தோழி இப்போ டொரண்டோவுல இருக்கா. போன ஆகஸ்ட்ல ஒரு வீடியோ அனுப்பினா. ஒரு பார்க். சிமெண்ட் தரை. தரையில இருந்தே அங்கங்க தண்ணி பீய்ச்சி அடிக்குது, மேல ஒரு வளைவுல இருந்து மழை மாதிரி கொட்டுது. நடுவுல முப்பது நாப்பது குழந்தைங்க கத்திக்கிட்டு ஓடுதுங்க. விழுற தண்ணி அடுத்த நொடியே சல்லடை வழியா வடிஞ்சிடுது, கணுக்கால் அளவுகூட தேங்கல. இதுக்குப் பேர் ஸ்பிளாஷ் பேட். அந்த ஊர்ல மட்டும் இப்படி நூத்துக்கு மேல இருக்காம், எல்லாம் மாநகராட்சி வச்சது, டிக்கெட் கிடையாது. சிங்கப்பூர் போனவங்க கார்டன்ஸ் பை த பேல குழந்தைங்க தோட்டத்துல பாத்திருப்பீங்க, அதுவும் இலவசம்தான்.

வீடியோவை என் பொண்ணு பாத்துட்டா. ரெண்டாம் கிளாஸ் படிக்கறா. "அம்மா, இது நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

அப்போ ஸ்கூல் இருக்குன்னு சொல்லித் தப்பிச்சேன். ஏப்ரல் கடைசில பரிட்சை முடிஞ்ச அன்னிக்கே திரும்ப வந்து நின்னா. இந்தப் பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடு மட்டும்தான் மறக்கும்.

எங்க ஊர் வெயிலைப் பத்தி நான் சொல்ல வேணாம். கோடை வந்தா சாயங்கால நியூஸ்ல வேலூர், கரூர் பரமத்தி கூட எங்க திருத்தணி பேரும் வரும். 40 டிகிரியைத் தாண்டறது எங்களுக்குச் செய்தியே இல்ல. மெட்ராஸ்ல மத்தியானம் கடல் காத்து எழும்பினா சட்டுனு இறங்கும். எங்களுக்கு அந்தக் காத்து வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடும். அதுவரைக்கும் ஆந்திரா பக்கத்துல இருந்து வர்ற மேக்காத்துதான், அடுப்படியில நிக்கற மாதிரி இருக்கும்.

அதுல ஒரு நல்லதும் இருக்கு. எங்க காத்து வறண்ட காத்து. உடம்பு மேல இருக்கற தண்ணி ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துட்டுப் போகும், ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி. மெட்ராஸ் புழுக்கத்துல அது சரியா நடக்காது, வேர்வை வழிஞ்சு சொட்டறதோட சரி. இங்க ஒரு சொம்பு தண்ணிய மேல ஊத்திட்டு மரத்தடியில நின்னா 42 டிகிரியிலயும் குழந்தை நடுங்கும். வெயில் தாக்கி நினைவு தப்பி வர்றவங்களுக்குக் கேஷுவாலிட்டில நாங்க முதல்ல செய்யறதே அதுதான். துணியைத் தளர்த்தி, தண்ணி தெளிச்சு, ஃபேனைத் திருப்பி வைப்போம். ஐவி எல்லாம் அதோட சேர்ந்து நடக்கும்.

சரி, பொண்ணோட கேள்விக்கு வர்றேன். திருத்தணில காசு கொடுக்காம குழந்தைங்க தண்ணில எங்க விளையாடறது?

மலையடிவாரத்துல சரவணப் பொய்கை இருக்கு. ஆடிக் கிருத்திகைக்குத் தெப்பம் விடுற தீர்த்தம், விளையாடற இடம் இல்ல. படி இறங்க இறங்க ஆழம், பாசி வேற. நந்தி ஆறு மே மாசத்துல பேருக்குத்தான் ஆறு. நகரி, புத்தூர் தாண்டிப் போனா கைலாசகோனா அருவி. அழகான இடம், கோடையிலயும் தண்ணி விழும், ஆனா மூணு வயசுப் பையனை அந்தப் பாறை மேல நிக்க வைக்க எனக்குத் தைரியம் இல்ல. மெட்ராஸ் ரோட்ல தீம் பார்க்குங்க இருக்கு. நாலு பேர் போனா ஆயிரக்கணக்குல ஆகும். என் சம்பளத்துக்கே யோசிக்கணும்னா, ஓபில வரிசையில நிக்கற ஜனத்துக்கு?

அப்புறம்தான் உறைச்சுது, ஸ்பிளாஷ் பேடுக்கு நம்ம ஊர்ப் பேர் பம்பு செட். நான் வளர்ந்ததே அதுலதான். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமான காலத்துல இருந்து, கரண்ட் வர்ற நேரத்துல எந்தக் கழனிப் பக்கம் போனாலும் நாலு பசங்க பைப்புக்குக் கீழ நிப்பாங்க. யாரும் காசு கேட்டதில்ல. "சோப்பு மட்டும் போடாதீங்கடா"ன்னு ஒரு குரல் வரும், அவ்ளோதான்.

சுகர் கிளினிக்குக்கு மாசா மாசம் வர்ற பெரியவர் ஒருத்தர், ஊருக்கு வெளியில ரெண்டு ஏக்கர் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை வச்சிருக்கார். பேச்சுவாக்குல சொன்னேன். "அட இன்னாம்மா இது, இத்த எங்கிட்ட கேக்கணுமா? புள்ளைங்கள இட்டாங்க, காலைல மூணு பேஸ் இருக்கும், தண்ணி ஜில்லுனு கீது"ன்னார்.

ஞாயித்துக்கிழமை போனோம், நான், பொண்ணு, மூணு வயசுப் பையன். வீட்டுக்காரருக்கு டூட்டி. வேப்ப மர நெழல், பக்கத்துல ஒரு பழைய கெணறு, அதுக்கு மேல இரும்புக் கம்பி வலை போட்டு மூடி நாலு பக்கமும் பூட்டு. எங்க பக்கம் திறந்த கெணறு எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சவ நான். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க"ன்னு சொன்னேன். அவர் தலையை ஆட்டிட்டு மோட்டார் போடப் போயிட்டார்.

போர் பைப்புல இருந்து தண்ணி தொட்டில விழுது. தொட்டி என் இடுப்பளவு. பொண்ணு நேரா பைப்புக்குக் கீழ போயிட்டா. நாலு இஞ்ச் பைப்போட வேகம் சின்னக் குழந்தையோட கழுத்துக்கும் காதுக்கும் ஆகாது, அதனால பையனைத் தொட்டிக்கு உள்ள இருக்கற படியில உக்கார வச்சேன். வயித்தளவு தண்ணி. கையில ஒரு பிளாஸ்டிக் டம்ளர். மொண்டு ஊத்தறான், மொண்டு ஊத்தறான். நான் ரெண்டடி தள்ளிச் சுவர் மேல உக்காந்திருந்தேன்.

போன் அடிச்சுது. டியூட்டி குரூப்ல மெசேஜ், அடுத்த நாள் நைட் யார் மாத்திக்கறதுன்னு. படிச்சேன். "நான் பாத்துக்கறேன்"னு டைப் பண்ணேன். அவ்ளோதான் செஞ்சேன்.

நிமிர்ந்தா டம்ளர் மட்டும் மிதக்குது.

சத்தமே இல்லங்க. பைப்பு விழற இடத்துல தண்ணி வெள்ளையா நுரைச்சுக்கிட்டு இருக்கு, பொண்ணு சிரிச்சுக்கிட்டு இருக்கா, நான் ரெண்டடி தூரத்துல. அவன் தண்ணிக்குள்ள நின்ன மாதிரி இருந்தான். முகம் மேல பாத்து, கண்ணு திறந்து, வாய் திறந்து. தலைமுடிக்கு மேல ஒரு சாண் தண்ணி. கை தட்டல, கால் உதைக்கல, கூப்பிடல. எப்படிக் குதிச்சேன்னு தெரியல, தூக்கிட்டேன். இருமினான். அப்புறம் அழுதான். அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்தை என் வாழ்க்கையில கேட்டதில்ல. ரெண்டு பிரசவத்துலயும்கூட.

பெரியவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். திடீர்னு அவ்ளோ அமைதி. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் கெணத்துப் பக்கம் பாத்துட்டு, "எங்க வூட்லயும் ஒண்ணு போச்சும்மா. அதுக்கப்பறம்தான் வலை போட்டேன்"னார். எப்போன்னு நான் கேக்கல.

பையனை நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், குழந்தை டாக்டர்கிட்ட காட்டி, சாயங்காலம் வரைக்கும் அங்கயே வச்சிருந்தேன். மூச்சு, ஆக்ஸிஜன் அளவு எல்லாம் சரியா இருந்துச்சு. ராத்திரி முழுக்க அவன் மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இத இவ்ளோ விவரமா எழுத வெக்கமா இருக்கு. நானே இதைப் பத்தி மத்தவங்களுக்குச் சொல்றவ. சில வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல கேஷுவாலிட்டில இருந்தப்போ, லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. தொட்டிதான் அங்கயும். வீடு முழுக்க ஆளுங்க இருந்திருக்காங்க. எடுத்தவுடனே தலைகீழாத் தூக்கிச் சுத்தியிருக்காங்க, வயித்தை அமுக்கியிருக்காங்க, தண்ணி வெளிய வரணும்னு. அப்புறம் பைக்ல வச்சு எங்ககிட்ட வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல பண்ணிப் பாத்தோம். அவங்க அப்பா என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் ஏன் மேடம் அவன் கத்தினத கேக்கல?"

அவன் கத்தியிருக்க மாட்டான். சினிமாவுல காட்டற மாதிரி கையைத் தூக்கி "காப்பாத்துங்க"ன்னு மூழ்கறவங்க நிஜத்துல குறைவு. வாய் தண்ணிக்குக் கீழ இருந்தா மூச்சே விட முடியாது, கத்தறது எங்க? சின்னப் பிள்ளைங்களுக்குத் தலை கனம், உடம்பு லேசு. குப்புற விழுந்தா நிமிர முடியாது. ஒரு பக்கெட் தண்ணி போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 2021ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம் பேர். அதுல கிட்டத்தட்ட கால்வாசி 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க.

இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. தண்ணில இருந்து எடுத்த குழந்தை மூச்சு விடலைன்னா தலைகீழாத் தூக்காதீங்க, சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. கெட்டியான தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. தலையை லேசா பின்னால சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோட வாய் வச்சு நெஞ்சு எழும்பற அளவுக்கு ரெண்டு தடவை ஊதுங்க. கைக்குழந்தைன்னா மூக்கு, வாய் ரெண்டையும் சேர்த்து உங்க வாயால மூடி மெதுவா ஊதுங்க. அப்புறமும் அசைவில்லைன்னா நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 மூச்சு, மறுபடி 30. இன்னொருத்தர் 108க்குப் போன் பண்ணட்டும். மாரடைப்புல இதயம் முதல்ல நிக்குது. மூழ்கினதுல மூச்சு முதல்ல நிக்குது, அதனாலதான் இங்க ஊதறது முதல் வேலை. மூச்சு திரும்பி, பேசி, சிரிச்சாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. 6 முதல் 8 மணி நேரம் கண் முன்னாடி இருக்கட்டும்.

பம்பு செட்டுக்குப் போகவே கூடாதுன்னு நான் சொல்லல. போனா, ஒரு பெரியவங்க தண்ணிக்கு உள்ள, குழந்தை கை எட்டற தூரத்துல நிக்கணும். கரையில உக்காந்து பாத்துக்கறது பாத்துக்கறதே இல்ல. ஈரக் கையோட ஸ்டார்டர் பெட்டிப் பக்கம் குழந்தை போகக் கூடாது. இன்னொண்ணு, பூச்சிமருந்து அடிக்கற கைத்தெளிப்பானை நிறைய பேர் அந்தத் தொட்டில தான் கழுவுவாங்க. முன்னாடியே கேட்டுடுங்க. அந்த மருந்து தோல் வழியாவும் உள்ள போகும்.

ரெண்டு வாரம் கழிச்சுப் பெரியவர் போன் பண்ணார். "டாக்டரம்மா, நாளைக்கு வேர்க்கடலைக்கு ஸ்பிரிங்ளர் உடறேன். காலி நெலத்துப் பக்கம் ரெண்டு மூக்கு சேத்து வச்சிருக்கேன். இதுல முழுவ ஒண்ணுமில்ல. புள்ளைங்கள இட்டாங்க."

நான் போக வேணாம்னுதான் நெனச்சேன். பொண்ணு விடல.

மக்களே, அதுதான் நம்ம ஊர் ஸ்பிளாஷ் பேட். சிறு, குறு விவசாயிங்களுக்கு அரசு முழு மானியத்துல கொடுக்கற அதே தெளிப்பு நீர்ப் பாசனம். நாலடி உயரக் குச்சி மேல டக் டக் டக்குனு சுத்தற மூக்கு. தண்ணி வட்டமா வந்து மூஞ்சில அடிச்சுட்டுப் போகும், திரும்ப வர்றதுக்குள்ள ஓடணும். களை எடுக்க வந்த அம்மாக்களோட பிள்ளைங்க அஞ்சாறு பேர் சேர்ந்துட்டாங்க. பாதி பேர் தெலுங்கு, "நீள்ளு ஒச்சிந்தி, நீள்ளு ஒச்சிந்தி"ன்னு ஒரே கத்தல். என் பொண்ணும் அதையே கத்தறா, தண்ணி வந்துடுச்சுன்னு அர்த்தம்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல. தண்ணி மண்ணுல விழுது, மண்ணு குடிச்சிடுது. கணுக்கால் வரைக்கும் சேறு, அவ்ளோதான் ஆழம். (மழைத்தூவான்னு பெருசா ஒண்ணு இருக்கு, பீரங்கி மாதிரி அடிக்கும். அதுக்குக் கிட்ட பிள்ளைங்களை விடாதீங்க.)

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. இது இவ்ளோ எளிமையா இருக்கேன்னு. அரை இஞ்ச் பிவிசி பைப்பு ஒண்ணு வாங்கி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, நெடுக சின்னச் சின்ன ஓட்டை போட்டு, மறுபக்கம் தோட்டத்து ஓஸை மாட்டினேன். ஓட்டை போட்டது பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி, காசு வாங்கல. எல்லாம் சேர்த்து முன்னூறு ரூபாய்க்குள்ள. வீட்டு முன்னாடி மண் தரையில, தென்னை மரத்துக்குப் பக்கத்துல ரெண்டு செங்கல் மேல வச்சேன். மொட்டை மாடில வேணாம், பாசித் தரையில வழுக்கி மண்டை உடைஞ்சு வர்ற கேஸ் எனக்கு வேணாம்.

"தண்ணி இல்லாத ஊர்ல இது தேவையா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நியூயார்க்ல தெருவுல இருக்கற தீயணைப்புக் குழாயைக் கோடைல ஜனங்க தாங்களே திறந்து விட்டு ஆடுவாங்க. முழுசா திறந்தா நிமிஷத்துக்கு 1,000 கேலனுக்கு மேல போகும். தடுத்துப் பாத்தாங்க, முடியல. இப்போ தீயணைப்பு நிலையத்துல கேட்டா ஒரு தெளிப்பு மூடிய இலவசமா மாட்டி விடறாங்க, அதுல 20, 25 கேலன்தான் போகும். என் பைப்புக்கு நான் வச்ச கணக்கு இருபது நிமிஷம், அப்புறம் வால்வை மூடிடுவேன். அந்தத் தண்ணி தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் எப்படியும் நான் ஊத்தற தண்ணிதான்.

"அமீபா வரும்னு சொல்றாங்களே மேடம்?"னு ஓபில கேக்கறாங்க. கேரளாச் செய்தி பாத்துட்டு வர்ற பயம். மூளையைத் தின்னற அமீபான்னு சொல்றாங்களே அது வெதுவெதுப்பா, குளோரின் இல்லாம தேங்கின தண்ணில இருக்கும். குடிச்சா வராது, மூக்கு வழியா ஏறினாத்தான் வரும். ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா பிழைக்கறது கஷ்டம். 2021ல் அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணம் ஆர்லிங்டன்ல ஸ்பிளாஷ் பேட்ல விளையாடின ஒரு குழந்தை இதால இறந்துச்சு. தண்ணியைத் தினமும் சோதிக்கறதுல குறை இருந்ததை அந்த நகர நிர்வாகமே ஒத்துக்கிச்சு. ஒரே தண்ணியை வடிகட்டிச் சுத்த விடற இடத்துல குளோரின் பாக்கறது ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. அதைவிட அடிக்கடி வர்றது வயித்துப்போக்கு. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி குளோரின்லயும் ஒரு வாரத்துக்கு மேல தாக்குப் பிடிக்கும். அதனால பேதி ஆகற குழந்தையை எந்தப் பொதுத் தண்ணிக்கும் கூட்டிட்டுப் போகாதீங்க, டயப்பர் போட்டிருந்தாலும். புதுத் தண்ணி வந்து, விழுந்து, மண்ணுக்குப் போயிடற என் பைப்பு மாதிரி இடத்துல இந்தக் கவலை ரொம்பக் குறைவு. பக்கெட்லயும் டப்லயும் நாலு நாளா இருக்கற தண்ணில விளையாட விடாதீங்க.

11 மணில இருந்து மூணரை வரைக்கும் வெளிய வேணாம். தண்ணில ஆடற பிள்ளைக்குத் தாகம் தெரியாது, நீங்கதான் கூப்பிட்டு மோர் கொடுக்கணும். சளி பிடிக்கும்னு எங்க அத்தை சொன்னாங்க, உங்க வீட்லயும் சொல்வாங்க. சளி வைரஸ்ல வருது, தண்ணில வர்றதில்ல. பத்து வருஷமா சொல்றேன், வீட்ல இன்னும் நம்பல.

ஒரு ஆசை. மலையடிவாரத்துல, முடி எடுத்துட்டு, காது குத்திட்டு, சந்தனம் பூசின மண்டையோட வெயில்ல நிக்கற குழந்தைங்களைப் பாத்திருக்கீங்களா? 365 படியும் கல்லு. மே மாசம் வெறுங்கால்ல ஏறி உள்ளங்கால் கொப்பளிச்சு வந்த பிள்ளைங்களுக்கு நான் மருந்து போட்டிருக்கேன். சித்திரை வந்தா முக்குக்கு முக்கு தண்ணீர்ப் பந்தல் போடற ஊர் இது. மோரும் தர்பூசணியும் கொடுக்கறவங்க பக்கத்துலயே நெழல்ல ஒரு ஓட்டை பைப்பு வச்சா என்ன? ஆழம் கிடையாது, டிக்கெட் கிடையாது, மேற்பார்வைக்கு ஒரு ஆள். வார்டு கவுன்சிலர், தண்ணீர்ப் பந்தல் போடற மன்றத்துத் தம்பிங்க யாராவது இதைப் படிச்சா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. பைப்புல எவ்ளோ இடைவெளிக்கு ஒரு ஓட்டைன்னு அளவு வரைக்கும் தர்றேன்.

போன ஞாயிறு எங்க வாசல்ல தெருப் பசங்க ஒன்பது பேர். சளி பிடிக்கும்னு சொன்ன அத்தை நாற்காலி போட்டுத் துண்டோட உக்காந்திருந்தாங்க. ஒவ்வொரு தலையா பிடிச்சுத் துவட்டி, "போதும்டா, போதும்"னு சொல்லி மறுபடி உள்ள விட்டாங்க.

சின்னவன் தொட்டிக்கு அப்புறம் பக்கெட்ல முகம் கழுவக்கூட விட மாட்டேங்கறான். ரெண்டு ஞாயிறு என் மடியிலயேதான் உக்காந்து பாத்தான். அன்னிக்கு இறங்கிப் போனான். முதுகைக் காட்டிக்கிட்டு, பின்னாலயே ஒவ்வொரு அடியா நடந்து, தண்ணி முதுகுல பட்டதும் தோளை ஒடுக்கிக்கிட்டு நின்னான். கண்ணு மட்டும் என்னையே பாத்துட்டு இருந்துச்சு.

போன் உள்ள சார்ஜ்ல இருந்துச்சு. ரெண்டு தடவை அடிச்சு நின்னுடுச்சு.